யாரை விடலாம் என்று கேட்ட தீ

(ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சற்று முன்பு இந்த மேடையில் குத்துவிளக்கு ஏற்றினோம். ஐந்து முகங்களில் மூன்றாவது பிடிக்கவே இல்லை. மின்விசிறியை நிறுத்த ஒரு மாணவர் ஓடினார். அதற்குள் யாரோ "அணைஞ்சிடப் போவுது" என்றார். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மையார் உடனே திரும்பி, "அப்படிச் சொல்லாதீங்க" என்று அவரை அடக்கினார். என் உரை அங்கேயே தொடங்கிவிட்டது. நான் இப்போது தொடர்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டிலும் விளக்கை யாரும் அணைத்ததில்லை. 'குளிர வை' என்பாள் பாட்டி. 'அமத்து' என்பார்கள் அடுத்த வீட்டில். சில ஊர்களில் விளக்கு மலையேறும். எரிகிற ஒன்றைப் பற்றி இவ்வளவு பார்த்துப் பேசும் மக்கள், அதே நெருப்பைக் கொட்டாங்கச்சியில் கடன் வாங்கவும் செய்தார்கள். தீப்பெட்டியைச் சிக்கனமாகப் புழங்கிய காலம். அடியில் கொஞ்சம் சாம்பல், மேலே இரண்டு கங்கு, ஊதிக்கொண்டே வீடு வந்து சேர வேண்டும். உப்போ எண்ணெயோ வாங்கினால் திருப்பித் தர வேண்டும். நெருப்பைத் திருப்ப வேண்டியதில்லை. கொடுத்தவள் அடுப்பில் எதுவும் குறைவதில்லை. ஆனால் விளக்கு வைத்த பிறகு கேட்கக் கூடாது. எந்த வீட்டில் கேட்கலாம், எந்த வீட்டில் கேட்கக் கூடாது என்பதையும் எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தெரிந்திருந்தது. நெருப்புக்குச் சாதி கிடையாது என்று பின்னாளில் மேடைகளில் நிறையக் கேட்டேன். கங்குக்கு இருந்தது.

நெருப்புக்குத் தமிழில் பெயர் பல. அழல், எரி, கனல், தழல், தணல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அவற்றில் என்னை விடாமல் தொந்தரவு செய்வது ஒன்றே: தீ. இந்த ஓரெழுத்துச் சொல்லிலிருந்து தீமையும் தீதும் தீயவரும் பிறந்தார்களா, அல்லது இரண்டு சொற்கள் ஒரே உருவில் வந்து நின்றனவா என்பதை மொழியியலாளர்களிடம் விட்டுவிடுகிறேன். புலவர்கள் அந்தக் குழப்பத்தை விட்டுவைக்கவில்லை. தீயைவிடத் தீயவற்றுக்கு அஞ்ச வேண்டும் என்று வள்ளுவர் சொல்லும்போது அந்தச் சொல் இரண்டு பக்கமும் எரிகிறது. அவரே சினத்துக்குச் 'சேர்ந்தாரைக்கொல்லி' என்று நெருப்பின் பெயரைச் சூட்டினார். தன்னைச் சேர்ந்தவரைக் கொல்வது என்ற அந்தப் பெயரில் நெருப்பின் இயல்பு முழுவதும் அடங்கிவிடுகிறது. அது சேர்ந்தாரைக் கொல்லும். யார் சேர்ந்தார் என்று பார்க்காது.

ஆனால் நம் கதைகளில் வரும் தீ பார்க்கிறது. இன்று உங்களிடம் பேச வந்தது இதைத்தான். தீக்கு ஆள் அடையாளம் தெரியும் என்று நம் இலக்கியம் நெடுங்காலம் நம்பியது, அல்லது நம்ப விரும்பியது.

சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். கண்ணகி இடமுலையைத் திருகி, மதுரையை மூன்று முறை வலம் வந்து எறிகிறாள். தீ உடனே பற்றிவிட்டதாகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். நாடகமும் திரைப்படமும் அப்படித்தான் காட்டின. இளங்கோ அப்படி எழுதவில்லை. நடுவில் ஓர் உரையாடல் இருக்கிறது. நீல நிறத்தோடு, அந்தணர் கோலத்தில் தீக்கடவுள் அவள் முன் வந்து நிற்கிறான். இந்த நகரை எரிக்கத் தனக்குப் பழைய கட்டளை ஒன்று உண்டு என்கிறான். பிறகு, இங்கே யாரை விடலாம் என்று கேட்கிறான்.

உலக இலக்கியத்தில் நகரங்கள் எத்தனையோ எரிந்திருக்கின்றன. எரிப்பதற்கு முன் தீயே வந்து பெயர்ப்பட்டியல் கேட்கும் இடத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. கண்ணகியும் பட்டியல் தருகிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள். இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் போ என்கிறாள். கணவனை இழந்து சில நாழிகைகூட ஆகாத பெண், ஆற்ற முடியாத சினத்தில், பச்சிளங் குழந்தைகளை நினைத்துப் பார்க்கிறாள் என்பது பெரிய விஷயம். ஆனாலும் ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் ஒரு மாணவியாவது எழுந்து, பட்டியலில் இல்லாத சாதாரண ஆட்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டுவிடுவாள். நடுவயதுக் கூலிக்காரன் ஒருவன் அன்று மதுரையில் இருந்திருப்பான். அறவோன் என்று அவனை யாரும் குறித்து வைத்திருக்க மாட்டார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருந்ததில்லை. தீயவர் பக்கம் போ என்று சொன்னால் தீக்குப் புரியும் என்பது காவியத்தின் ஒப்பந்தம். அதை ஏற்றுக்கொண்டுதான் உள்ளே நுழைகிறோம்.

அந்த ஒப்பந்தத்தை மனிதர்கள் எப்படிக் காத்தார்கள் என்பதையும் அதே காவியம் சொல்லிவிடுகிறது. கண்ணகியின் சினம் தணிய, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலியிட்டான். சிலம்பைத் திருடியவன் ஒரு பொற்கொல்லன். விழுந்த தலைகள் ஆயிரம். தீயாவது யாரை விடலாம் என்று கேட்டது, அரசன் கேட்கவில்லை. பாடநூல்கள் இந்த ஆயிரத்தை அதிகம் பேசுவதில்லை. காவியத்தின் பெருமைக்கு இழுக்கு என்று நினைக்கிறார்களோ என்னவோ. அதை மறைக்காமல் எழுதியதே இளங்கோவின் பெருமை என்பது என் எண்ணம்.

கண்ணகியின் தீயை நம் ஊர்ப் பேச்சுக்குக் கொண்டுவந்தால் அதற்கு ஒரு பெயர் உண்டு: வயித்தெரிச்சல். "அவ வயித்தெரிச்சலக் கொட்டிக்காத" என்று சொல்லாத தெரு எது? அநியாயம் பட்ட ஏழையின் வயிற்றில் எரிவது நம் கூரையையும் பிடிக்கும் என்ற அச்சம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. பொறாமைக்கும் அதே சொல்லை நாம் வைத்துக்கொண்டது வேறு கதை.

வயிற்றுக்கு வந்துவிட்டதால் மணிமேகலையிடம் போவோம். கண்ணகியின் தீயைப் பற்றி ஆயிரம் மேடைகள் பேசிவிட்டன. சாத்தனாரின் தீயைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எனக்கோ அதுதான் ஆழமானது.

மணிமேகலையில் ஆதிரை என்று ஒருத்தி. அவள் கணவன் சாதுவன் கணிகையிடம் பொருளைத் தொலைத்துவிட்டு, சம்பாதிக்கக் கப்பலேறிப் போனவன். கப்பல் உடைந்தது. தப்பி வந்தவர்கள் அவனும் இறந்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஊராரைக் கேட்டுச் சுடுகாட்டில் தீ மூட்டச் செய்து, ஆதிரை அதில் புகுந்தாள். தீ அவளைச் சுடவில்லை. உடுத்த உடை கருகவில்லை, சூடிய மாலை வாடவில்லை. இன்னொரு காவியமாக இருந்தால் இந்த இடத்தில் பூமாரி பெய்திருக்கும். ஆதிரை என்ன செய்தாள் தெரியுமா? அழுதாள். தீகூட ஏற்காத பாவியாகிவிட்டேனே, இனி எங்கே போவேன் என்று அழுதாள். தீ தன்னைச் சுடாததை அவள் கற்பின் பெருமையாகக் கொள்ளவில்லை, கைவிடப்பட்டதாகக் கொண்டாள். பிறகுதான் வானிலிருந்து ஒரு குரல், உன் கணவன் உயிரோடு இருக்கிறான் என்றது. தீக்குத் தெரிந்திருந்தது. ஊருக்குத் தெரியவில்லை.

சாத்தனார் இதோடு விட்டிருந்தால் இதுவும் இன்னொரு பத்தினிக் கதைதான். ஆதிரை வாழ்ந்த அதே புகார் நகரில் காயசண்டிகை என்று இன்னொருத்தி அலைகிறாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழுக்கும் ஒரே ஒரு நாவற்பழத்தைக் காலால் சிதைத்துவிட்டாள். அதை உண்டு நோன்பு முடிக்கக் காத்திருந்த முனிவரின் சாபம் அவளைப் பிடித்தது. பன்னிரண்டு ஆண்டு தீராப் பசி. அந்த நோய்க்குச் சாத்தனார் தரும் பெயர் யானைத்தீ. எவ்வளவு போட்டாலும் அடங்காத வயிற்றுத் தீ. அட்சய பாத்திரத்தோடு வந்த மணிமேகலையிடம், முதல் பிச்சையை ஆதிரையிடம் வாங்கு என்று வழிகாட்டுவதும் இந்தக் காயசண்டிகைதான். ஆதிரை பாத்திரம் நிறைய இடுகிறாள். அதிலிருந்து ஒரு பிடி வாங்கி உண்டதும் யானைத்தீ தணிகிறது.

இந்த இரண்டு தீயையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எவளைத் தீ தொட மறுத்ததோ அவள் கையால் இட்ட சோறுதான் இன்னொருத்தியின் தீயை அணைக்கிறது. சுடுகாட்டுத் தீயில் போயிருக்க வேண்டியவள் அடுப்புத் தீக்குத் திரும்பினாள். அவள் திரும்பியதால் ஒரு வயிறு குளிர்ந்தது. பத்தினியைத் தீயில் இறக்கித் தெய்வமாக்குவதைவிட அவளை வீட்டுக்கு அனுப்பிச் சோறிட வைப்பது பெரிய அற்புதம் என்று சாத்தனார் நினைத்தார் போலும். பௌத்தர் அல்லவா? வேள்வித் தீயைவிட அடுப்பை அவர் நம்பியதில் வியப்பில்லை.

நேரம் கருதிச் சீதையிடம் சுருக்கமாகவே நிற்கிறேன். கம்பன் சீதையை நெருப்பில் இறக்கியபோது தீயையே தலைகீழாக்கினான். சுட வேண்டிய தீ, அவள் கற்பின் வெம்மை தாங்காமல் தானே பஞ்சுபோலக் கருகுகிறது. அக்கினிதேவன் அவளை ஏந்திக்கொண்டு இராமனிடம் முறையிடுகிறான். சோதனை செய்ய வந்தவனே சோதனையில் வெந்துபோனான். கவிதையாக இது உச்சம். ஆனால் அவளை இறங்கச் சொன்னவனுக்கு இந்தத் தீ எந்தக் கேள்வியும் வைக்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் புதுமைப்பித்தன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1943இல் வந்த 'சாபவிமோசன'த்தில், அயோத்திக்குத் திரும்பிய சீதை தீப்புகுந்த கதையை அகலிகையிடம் சொல்கிறாள். அவனா கேட்டான் என்று அகலிகை பதறுகிறாள். அவன் பாதத்தூளி பட்டுப் பெண்ணானவள் அவள். தன்னை மன்னித்தவன் சீதையிடம் இப்படி ஒன்றைக் கேட்பானா? கேட்டான் என்று தெரிந்ததும் அவள் மறுபடி கல்லாகிவிடுகிறாள். சீதை புகுந்த நெருப்பு அந்தக் கதைக்குள் எரிவதில்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் அதைப் பற்றிச் சொல்கிறாள், அவ்வளவே. கல்லாக்க அது போதுமானதாக இருந்தது.

1966இல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' அடுத்த அடி. மழையில் பேருந்துக்குக் காத்திருந்த கல்லூரிப் பெண், முன்பின் தெரியாதவனின் காரில் ஏறி, கெட்டு வீடு திரும்புகிறாள். தாய் முதலில் அடிக்கிறாள். பிறகு அவளை உட்கார வைத்துக் குடம் குடமாகத் தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். கதையின் தலைப்பில் நெருப்பு, முற்றத்தில் தண்ணீர். கொட்டியது நீரல்ல, நெருப்பென்று நினைத்துக்கொள் என்கிறாள். அகலிகையையும் நினைவூட்டுகிறாள். அந்தக் காலத்தில் அந்தக் கதைக்கு எழுந்த கூச்சலை மூத்தவர்கள் அறிவீர்கள். ஊரைக் கூட்டி மூட்டிய சோதனைத் தீயை, ஒரு தாய் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே முடித்துவிட்டாளே என்பதுதான் கூச்சலிட்டவர்களின் உண்மையான ஆற்றாமை என்று நான் நினைக்கிறேன். தாயின் பிள்ளைக்குச் சோதனை தேவைப்படவில்லை. நாலு பேருக்குத்தான் தேவைப்பட்டது.

பாரதியின் அக்கினிக்குஞ்சைச் சொல்லாமல் போனால் நீங்கள் விடமாட்டீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். குஞ்சு என்றால் அதற்குத் தாய் உண்டு, கூடு உண்டு. கிளிக்குஞ்சு இருக்க வேண்டிய மரப்பொந்தில் அவர் நெருப்பை வைத்தார். நம் கவிதையில் தீ முதன்முதலாகச் செல்லம் கொஞ்சத்தக்கதாக ஆனது அங்கேதான்.

இனிச் சொல்லப்போவது சொல்லச் சிரமமானது.

பெரியபுராணத்தில் ஆதனூர் நந்தனார், கோயில் முரசுகளுக்குப் போர்த்தும் தோலும், இழுத்துக் கட்டும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்து வந்தவர். தோல் உள்ளே போகலாம், கொடுத்தவர் போகக் கூடாது. திருப்புன்கூரில் அவருக்காக நந்தி விலகியது. தில்லையில் எதுவும் விலகவில்லை. மதிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் இறைவன் ஆணைப்படி தீ வளர்க்கப்பட்டது. அதில் புகுந்தவர் பூணூலணிந்த முனிவராக எழுந்தார் என்கிறார் சேக்கிழார். பக்தியோடு படித்தால் கண்ணீர் வரும் இடம். நானும் அழுதிருக்கிறேன். ஆனால் வேறொன்றும் தோன்றும். வாழ்நாளெல்லாம் தோல் கொடுத்தவர், உள்ளே நுழையத் தன் தோலையே கொடுக்க வேண்டியிருந்தது. கல் நந்தி விலகிய நாட்டில் மனிதர்கள் விலகவில்லை. தீ வந்து அவரை அவர்களைப்போல ஆக்கிக் கொடுத்தது. நந்தனாராகவே அவரை அந்தத் தீயால் உள்ளே அனுப்ப முடியவில்லை.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சைப் பகுதியின் கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும், சங்கமாகச் சேர்ந்து நின்றதும் அவர்கள் செய்த குற்றம். ஒளிந்துகொள்ள ராமையாவின் குடிசைக்குள் ஓடியவர்களை வெளியே விடாமல் தீ வைத்தார்கள். கீழ்நீதிமன்றம் தண்டித்தது. உயர்நீதிமன்றம் விடுவித்தது.

கண்ணகியின் பட்டியலை இப்போது நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். குழந்தைகளை விடு, முதியோரை விடு, பெண்டிரை விடு. அந்தக் குடிசையில் இருந்தவர்கள் அப்பட்டியலில் இருந்தவர்கள். தீ கேட்கவில்லை. கேட்காது. காவியத்தோடு நாம் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அந்த இரவில் செல்லவில்லை. அதற்குப் பிறகும் வகுப்பறையில், மதுரை எரியும் அழற்படுகாதையைப் பழைய குரலிலேயே நடத்துவது எனக்குக் கூசியது. எப்படி நடத்தினேன் என்று கேட்காதீர்கள், நடத்தினேன்.

இந்திரா பார்த்தசாரதி வெண்மணியை வைத்துக் 'குருதிப்புன'லை எழுதினார். 1975இல் வந்தது, 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதன் உளவியல் விளக்கம் வர்க்கப் போராட்டத்தை ஒரு தனிமனிதனின் கோளாறாகச் சுருக்கிவிட்டது என்று இடதுசாரிகள் அன்று கடுமையாகச் சாடினார்கள். அந்தச் சாடலில் நியாயம் இருந்தது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அதே எழுத்தாளர் பின்னர் 'நந்தன் கதை' நாடகத்துக்குப் போனார் என்பதைக் கவனியுங்கள். அந்த நாடகத்தில் தில்லைத் தீ அருளின் தீ இல்லை, சதியின் தீ. அவர் வெண்மணியிலிருந்து தில்லைக்கு நடந்தார் என்பேன். எரிந்த குடிசையைப் பார்த்துவிட்டு வந்தவர் பழைய வேள்விக் குண்டத்தையும் அதே கண்ணால்தானே பார்ப்பார்?

நெருப்பும் நூலும் பற்றி ஒரு கிளைக்கதை. உ.வே.சா. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் போனபோது, கோயிலில் இருந்த பழஞ்சுவடிகள் என்னவாயின என்று விசாரித்தார். ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாது, நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட வேண்டும் என்று ஆகமம் சொல்கிறதாம். அப்படியே செய்துவிட்டோம் என்று பதில் கிடைத்தது. எவ்வளவு மரியாதையான அழிவு! 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1898இல் மணிமேகலையையும் அவர் அச்சேற்றினார். தீயைப் பற்றிய இவ்விரண்டு காவியங்களும் தீயிலிருந்து தப்பியதற்கு அவருடைய மாட்டுவண்டிப் பயணங்கள்தான் காரணம். தப்பாதவை எத்தனை என்பதற்குக் கணக்கில்லை.

அடுத்த தீயில் மரியாதைகூட இல்லை. 1981 மே கடைசியும் ஜூன் முதலுமான அந்த நாட்களில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அதைப் பற்றி எம்.ஏ. நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை' கவிதையில், சுட்டுக் கொல்லப்பட்டு நூலகப் படியில் கிடப்பவர் புத்தர். இரவில் அமைச்சர்கள் வருகிறார்கள். இவர் பெயர் நம் பட்டியலில் இல்லையே, பிறகேன் கொன்றீர்கள் என்று கேட்கிறார்கள். பிறகு கொன்றவர்கள் புத்தகங்களைக் குவித்து, பௌத்த நூலின் தாள்களையே கொளுத்திப் பிணத்தை எரித்துவிடுகிறார்கள்.

மீண்டும் ஒரு பட்டியல். மதுரையில் தீ கேட்டது விடப்பட வேண்டியவர்களின் பட்டியலை. யாழ்ப்பாணத்தில் அமைச்சர்களின் கையில் இருந்தது கொல்லப்பட வேண்டியவர்களின் பட்டியல். நுஃமான் சிலப்பதிகாரத்தை மனத்தில் வைத்து இதை எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஒரு மொழியின் நினைவு தன்பாட்டில் வேலை செய்யும்.

நெருப்பு வைத்தவர்களில் திரும்பிப் பார்த்தவர் ஒருவர் உண்டு, அனுமன். இலங்கையை எரித்துவிட்டு வாலை அணைத்த பிறகு, வான்மீகியில் அவர் திடுக்கிடுகிறார். சீதையும் இந்த ஊரில்தானே இருக்கிறாள், கோபத்தில் அவளையும் எரித்துவிட்டேனோ என்று தன்னையே பழித்துக்கொள்கிறார். அவள் நலம் என்று வானில் ஒலித்த குரல் கேட்ட பின்பே அவருக்கு மூச்சு வருகிறது. வீரம் நிறைந்த அந்தக் காண்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய இந்த நடுக்கம்தான்.

கண்ணகிக்குத் திரும்புகிறேன். மதுரையை எரித்த பின் அவள் எங்கே போனாள் என்பதற்குச் சேரநாட்டு விடை நமக்குத் தெரியும். ஈழத்து விடையும் ஒன்று உண்டு. மட்டக்களப்புப் பகுதியின் கண்ணகி அம்மன் கோயில்களில் பல, ஆண்டுக்கு ஒருமுறை, வைகாசியில்தான் கதவு திறக்கும். கண்ணகி வழக்குரையைப் படிப்பார்கள். நிறைவு நாளின் சடங்குக்குக் குளிர்த்தி என்று பெயர். எரிந்துகொண்டே வந்தவளைக் குளிரச் செய்ய வேண்டும். அதற்கென்றே குளிர்த்திப் பாடல்கள் இருக்கின்றன. அங்கே கொம்புமுறி என்று ஒரு விளையாட்டும் உண்டு. ஊர் இரண்டு சேரியாகப் பிரிந்து, கோவலன் பக்கம் ஒன்று, கண்ணகி பக்கம் ஒன்று என்று கொம்புகளை மாட்டி இழுப்பார்கள். அவள் மனம் குளிரத்தான் அதுவும். இங்கே நாம் அவளுக்குச் சிலை வைத்தோம், கையில் சிலம்போடு, இன்னும் கோபமாக. அங்கே ஆண்டுதோறும் அவளைத் தணிக்கிறார்கள்.

முல்லைத்தீவு வற்றாப்பளையில் அவள் ஒரு கிழவியாக வந்தாள் என்பது ஊர்க்கதை. மாடு மேய்க்கும் சிறுவர்கள் அவளுக்குப் பொங்கிக் கொடுத்தார்கள். பொழுது சாய்ந்தது, விளக்கேற்று என்றாள். எண்ணெய் இல்லையே ஆச்சி என்றார்கள். கடல்நீரை எடுத்து ஊற்றி ஏற்று என்றாள். 2009இல், ஈழப்போர் முடிந்தபோது, உலகம் நந்திக்கடல் என்ற கடலேரியின் பெயரை வேறு காரணத்துக்காகக் கற்றுக்கொண்டது. அந்தக் கடலேரியின் கரையில்தான் கோயில் இருக்கிறது. வைகாசிப் பொங்கலுக்கு இன்றும் சிலாவத்தைக் கடலிலிருந்து நீர் எடுத்து வந்து, அகலில் ஊற்றி, திரியை நனைத்து ஏற்றுகிறார்கள்.